வெள்ளிங்கிரியின் ஒரே படம்

எங்கள் பம்ப் கம்பெனிக்கு ஒறம்பரைகள் வரத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலையில். லேத் செக்‌ஷன் ஃபோர்மேன் தேவசகாயம் எப்போதும்போல முதல் ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி, கேட்டில் இருக்கும் மெஷினில் விரலை வைத்து, அது எடுக்காமல், விரலைச் சட்டையில் துடைத்து மறுபடி வைத்து உள்ளே போனார்; அவர் போன பின்னால் அதே பஸ்ஸின் பின்படியிலிருந்து, தலை நிறைய முடியும் மெலிந்த வயிறுமாக, வலக்கன்னத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு தேவசகாயம் இறங்கி, அவரும் விரலை வைக்க, மெஷின் முதல் தடவையே எடுத்துக்கொண்டது. செக்யூரிட்டி பொம்மண்ணன் இரண்டு முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். "ரேகை ஒத்துப்போகுதுங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்று பிற்பாடு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

காரணம் என்னவென்று எங்களுக்கு அன்று மத்தியானமே தெரிந்துபோனது, அதைப் பற்றி யாரும் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ளவும் இல்லை. கம்பெனியின் விக்கியைப் பார்த்துக்கொள்வது தமயந்தியின் வேலை. விக்கி என்பது கம்பெனிக்குள் இருக்கிற எல்லோரும் கம்ப்யூட்டரில் எழுதவும் திருத்தவும் முடிகிற பக்கங்களின் கூட்டம். எந்த மோட்டாருக்கு எந்த பேரிங், எந்த ஊர் போர்வெல்லுக்கு எத்தனை ஸ்டேஜ் பம்ப், யார் யார் எந்த செக்‌ஷன் என்று எல்லாம் அதில் இருக்கும், ஒவ்வொரு பக்கத்தோடும் வரைபடங்களும் டெஸ்ட் ரிப்போர்ட்டுகளும் ஆட்களின் படங்களும் இணைப்பாகத் தொங்கும். ஒரு இணைப்பை மாற்ற வேண்டுமென்றால் அதே பெயரில் புதியதை ஏற்ற வேண்டும். ஏற்றினால் பழையது அழியாது. புதியதற்கு அடியில், பதிப்பு ஒன்று, பதிப்பு இரண்டு என்று எண் வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துக்கொள்ளும். அதைத் திறந்து பார்க்கலாம், திருத்த முடியாது. அந்த வருஷம் எல்லோருடைய படமும் நீலப் பின்னணியில் இருக்க வேண்டும் என்று ஆபீஸிலிருந்து சர்க்குலர் வந்தது, தமயந்தி சனிக்கிழமை சாயங்காலம் தேவசகாயத்தின் பன்னிரண்டு வருஷத்துப் பழைய படத்தின் மேல் புதுப் படத்தை ஏற்றினாள், திங்கட்கிழமை பழைய தேவசகாயம் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

சர்க்குலர் சர்க்குலர்தான் என்பதால் தமயந்தி நிறுத்தவில்லை, தினமும் நாலைந்து பேருடைய படத்தை மாற்றிக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் அந்த நாலைந்து பேரும் வந்தார்கள், மெலிந்தவர்களாக, கறுத்த முடியோடு, இப்போது கிடைக்காத கம்பெனியின் செருப்புகளைப் போட்டுக்கொண்டு. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களை ஒறம்பரை என்போம். இவர்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம். ஒறம்பரைகள் மெஷினைத் தொடக்கூடாது என்று ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. வார்ப்புக்கான மரப் பேட்டர்ன் அடுக்கிவைக்கும் கொட்டகையில் அவர்களுக்கு பெஞ்சு போடப்பட்டது. யூனியன்காரர்கள் ஒறம்பரையும் தொழிலாளிதானா என்று இரண்டு கூட்டம் போட்டுப் பேசி, முடிவு எட்டாமல், ஆயுதபூஜைப் பொரிப் பொட்டலம் மட்டும் அவர்களுக்கும் உண்டு என்று தீர்மானம் எழுதினார்கள்.

அவர்கள் எங்களை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பழைய தேவசகாயம் புதிய தேவசகாயத்தைப் பார்த்து, "உங்களைப் பாத்தா எங்கப்பா மாதிரியே இருக்குதுங்க" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அதைவிட, அவர்களுக்கு நேற்று என்பதே கிடையாது. படம் ஏற்றின அந்த ஒரு நாளோடுதான் வருவார்கள், அந்த நாளின் காரியத்தையே செய்வார்கள், நாம் சொன்னது எதுவும் மறுநாள் அவர்களிடம் இருக்காது. பழைய தேவசகாயத்துக்கு அன்று கடைவாய்ப்பல் வலி. ஆகவே தினமும் கடைவாய்ப்பல் வலி. கேன்டீன் பேபியக்கா தினமும் அவருக்கு இரண்டு கிராம்பு எடுத்து வைத்திருந்து, "வாய்ல அடக்கிக்குங்க" என்று தினமும் சொல்ல, அவர் தினமும், "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று வியப்பார். முதல் வாரம் எங்களுக்கும் வியப்பாக இருந்தது. மிச்ச வருஷம் முழுக்க அலுப்பாக இருந்தது. நீங்கள் ஒரு காலத்தில் ஆசைப்பட்டதையெல்லாம் உங்கள் முகமே வந்து தினமும் புதிதாகக் கேட்பது, வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டீர்களே வந்ததா, அந்தப் பெண் வீட்டில் சம்மதித்தார்களா, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தாயிற்றா என்று கேட்பது, பதில் சொன்னாலும் அது மறுநாள் மறுபடியும் அதே வெளிச்சத்தோடு வந்து நிற்பது, எட்டு மணி நேரம் லேத்தில் நிற்பதைக் காட்டிலும் கால்களை வலிக்கச் செய்தது.

தமயந்தி தன் படத்தை மட்டும் மாற்றாமல் கடைசிவரை தள்ளிப் போட்டாள். ஆபீஸிலிருந்து மூன்று தடவை ஞாபகப்படுத்தினார்கள். ஏன் தள்ளிப் போடுகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். அவள் கணவன் வெள்ளிங்கிரி எங்கள் டெஸ்ட் பேயில், பம்புகளை ஓட்டிப் பார்க்கும் இடத்தில், இருந்தவன். ஓடுகிற பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தே பேரிங் போய்விட்டது என்று சொல்லுகிறவன், பாட்டுப் பாடுகிறேன் என்று சத்தம் போடுகிறவன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை பஸ்ஸுக்கு நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தமயந்தியின் பழைய படம் அவன் உயிரோடு இருந்தபோது, அவன் படத்தோடு ஒரே நாளில் ஏற்றினது.

கடைசியில் ஒரு சாயங்காலம் மாற்றினாள். மறுநாள் காலை முதல் ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து, தலையில் முல்லைச்சரமும் கையில் டிபன் கேரியருமாகச் சின்னத் தமயந்தி இறங்கி, நேராக மாடியேறி, மூக்குக் கண்ணாடியும் நரையுமாக உட்கார்ந்திருந்த தமயந்தியிடம் வந்து நின்றாள்.

"ஏனுங்கம்மா, டெஸ்ட் பே வெள்ளிங்கிரி இந்தப் பக்கம் வந்தாருங்களா? நாலு மணிக்கு பெர்மிஷன் போடச் சொல்லோணும். ஆஸ்பத்திரிக்குப் போய் ரிசல்ட் வாங்கோணும், இன்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க. இவரு மறந்துருவாருங்க, அதான்."

தமயந்திக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. நாலு மணிக்குப் போனதும், டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்ததும், திரும்பி வரும்போது வெள்ளிங்கிரி வழியெல்லாம் பேசாமல் வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு சீப்பு பழம் வாங்கிக் கொடுத்ததும் ஞாபகம் இருந்தது. அவள் சின்னவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, அவன் இப்போது இல்லை என்பதைச் சொன்னாள். சின்னவள் போட்ட கூச்சல் ஃபவுண்டரி வரைக்கும் கேட்டது. அந்தக் கூச்சலை நாங்கள் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டிருந்தோம்.

மறுநாள் சின்னத் தமயந்தி முல்லைச்சரத்தோடு சிரித்துக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

தமயந்தி அன்றும் சொன்னாள், அதற்கடுத்த நாளும் சொன்னாள். பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. தினமும் ஒரு சாவுச் செய்தியைப் புதிதாகச் சொல்லி, தினமும் ஒருத்தியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு, அதன்பிறகு இம்பெல்லர் வரைபடங்களை ஏற்றினாள். அந்த வாரக் கடைசியில் சின்னவள் மாடியேறுவதற்கு முன்னால், கேன்டீன் வாசலிலிருந்து பேபியக்கா குரல் கொடுத்துவிட்டார்.

"அம்மிணி, உங்க வீட்டுக்காரரத்தான தேடறீங்க? இப்பத்தான் டீ குடிச்சுட்டு ஸ்டோர்ஸுக்குப் போனாருங்க."

பொய் அப்படித்தான் ஆரம்பித்தது, ஆரம்பித்த பிறகு அது கம்பெனியின் வேலைகளில் ஒன்றாகிப் போனது. ஸ்டோர்ஸ்காரர் வைண்டிங் செக்‌ஷனுக்கு அனுப்புவார், வைண்டிங்கில் இருக்கும் பெண்கள் பெயின்ட் ஷாப்புக்கு அனுப்புவார்கள், பெயின்ட் ஷாப்பில் முகமூடியைக் கழற்றாமலேயே ஒருவர் டெஸ்ட் பேயைக் காட்டுவார், டெஸ்ட் பேயில் வெள்ளிங்கிரியின் இடத்துக்கு வந்த புதிய ஆள், வெள்ளிங்கிரியைப் பார்த்தே இராதவர், "அண்ணன் உடுமலைக்கு சைட் பாக்கப் போயிருக்காருங்க, மூணு மணிக்கெல்லாம் வந்துருவாரு" என்பார். சின்னத் தமயந்தி டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு, சாதம் ஆறுகிறதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, ஷெட்டு ஷெட்டாக நடப்பாள். நாலு மணிக்குக் கேட்டு மெஷின் பக்கத்தில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு தனியாக பஸ் ஏறுவாள். ஒறம்பரைகள் சாயங்காலம் அந்த பஸ்ஸில்தான் போவார்கள், எந்த ஸ்டாப்பில் இறங்குகிறார்கள் என்று யாரும் பார்த்ததில்லை.

தமயந்தி இதைத் தடுக்கவில்லை. மாடி ஜன்னல் வழியாகச் சின்னவள் ஷெட்டுக்கு ஷெட்டு போவதைப் பார்ப்பாள், கண்ணாடியைத் துடைப்பாள், திரும்ப உட்காருவாள். நாங்களும் நல்ல பொய்க்காரர்கள் ஆகிவிட்டோம். ஆனால் தினமும் காலையில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டதும் ஒவ்வொருத்தருக்கும் அன்றைக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்; அது தனக்குத் தூக்கத்தில்கூட வருகிறது என்று பேபியக்கா சொன்னார்.

அதனால்தான் தேவசகாயம் ஒருநாள் தமயந்தியின் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தமயந்தி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"தெரியுங்கண்ணா, என்ன சொல்லப்போறீங்கன்னு."

"வெள்ளிங்கிரி பக்கம் அப்படியேதான இருக்குது? படம் ஒண்ணே ஒண்ணுதான இருக்குது? அது மேல ஏதோ ஒரு படத்தப் போட்டீன்னா, பழசு அடியில போயிரும். நாளைக்குக் காலைல அவன் வந்து எறங்குவான். அந்தப் புள்ளையும் அலையறத நிறுத்தும்."

"அவரு வருவாரு. நாளைக்கு மறுநாளும் வருவாரு, அதுக்கடுத்த நாளும். தெனமும் வந்து, தெனமும் போவாரு. ஒரு தடவ அனுப்பி வெச்சேன் அண்ணா. தெனமும் அனுப்பி வெக்கற தெம்பு எனக்கு இல்ல."

தேவசகாயம் நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகும் யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சர்வரில் வெள்ளிங்கிரியின் பக்கம் ஒரு சொடுக்கில் திறக்கும் தூரத்தில் இருந்தது. அவன் படம் எடுத்துக்கொள்ளப் பிடிக்காதவன். அந்த ஒரே படத்தில்கூடக் கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் ஓடும் ஏதோ ஒரு பம்பைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

தை பிறந்தபோது டிஸ்க் நிறைந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் அனுப்பும் வரைபடங்கள் ஏறவில்லை, இரவு எடுக்கும் பேக்கப் பாதியில் நின்றது. முதலாளியின் மகள் யாமினி தமயந்தியைக் கூப்பிட்டார். யாமினியின் அறையில் சோபாவில் பழைய யாமினி உட்கார்ந்திருந்தார், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து முதல் நாள் வேலைக்குச் சேர்ந்த கோலத்தில், மடியில் ஒரு ஃபைலோடு.

"அந்தப் புது ஃபவுண்டரிக்கு எப்போ பூமி பூஜை?" என்று பழைய யாமினி கேட்டார்.

"சீக்கிரம்" என்றார் யாமினி, திரும்பிப் பார்க்காமல். பிறகு தமயந்தியிடம், "படங்களோட பழைய பதிப்பு எல்லாத்தையும் இந்த மாசத்துக்குள்ள எடுத்துருங்க. நிரந்தரமா. அடியில ஒண்ணுகூட வேண்டாம்" என்றார்.

"டிராயிங்கோட பழைய பதிப்பு வேணுங்க மேடம். பழைய மோட்டாருக்கு ஸ்பேர் கேப்பாங்க."

"டிராயிங் இருக்கட்டும். ஆளுங்க படம் மட்டும்." யாமினி சோபாப் பக்கம் கண்ணைக் காட்டினார். குரல் இறங்கிவிட்டது. "தெனமும் காலைல என்னால அவளுக்குப் பதில் சொல்ல முடியல தமயந்தி. உங்களால முடியுதா?"

"முடியலீங்க" என்றாள் தமயந்தி.

செய்தி கேட்டபோது எங்களில் சிலர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள், அதே சிலர் அன்று மத்தியானம் தங்கள் ஒறம்பரைகளோடு போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் சண்டை போடவில்லை. யூனியன்காரர்கள் கூட்டம் போட்டு, ஒருத்தரும் பேசாததால், டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். புதிய தேவசகாயம் பழைய தேவசகாயத்தை டவுனுக்குக் கூட்டிப் போய் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டுக் கூட்டி வந்தார். மறுநாள் அது முளைத்துத்தான் இருந்தது, வலித்துக்கொண்டுதான் இருந்தது, "ஆனா ஒரு ராத்திரி நல்லாத் தூங்கியிருப்பானில்ல?" என்றார்.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் நீக்குவது என்று முடிவானது. அந்த வாரத்தில் ஒருநாள் பேபியக்கா மாடியேறி வந்தார். அவர் மாடிக்கு வந்து நாங்கள் பார்த்ததில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி தமயந்தியின் பக்கத்தில் நின்றார்.

"கண்ணு, வருஷம் முழுக்க அந்தப் புள்ளகிட்டப் பொய் சொல்லிட்டேன். போறதுக்குள்ள ஒரே ஒரு நாள், 'அந்தா வந்துட்டாரு'ன்னு நெசத்தச் சொல்ல உடு."

அன்று சாயங்காலம் தமயந்தி வீட்டுக்குப் போனாள். கூடத்துச் சுவரில் அவன் படம் மாட்டியிருந்தது. விக்கியில் இருந்த அதே படத்தைத்தான் சாவுக்குப் பிறகு பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள், சந்தனப் பொட்டும் பிளாஸ்டிக் மாலையும் போட்டிருந்தது. பக்கத்திலிருக்கும் பம்பைப் பார்க்கிற அந்தக் கண் மாலையைத் தாண்டிச் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தமயந்தி போனை எடுத்து, மாலையோடு, பொட்டோடு, சட்டத்தோடு அதைப் படம் பிடித்தாள். நாலு வருஷமாக அவள் செய்ய மறுத்தது அதுதான். அவனுடைய கடைசிப் பதிப்பு எது என்று விக்கிக்குச் சொல்லாமலேயே இருந்தாள்.

வியாழக்கிழமை வேலை முடியும் நேரத்தில், அதே பெயரில், அந்தப் படத்தை ஏற்றினாள். திரையில் பக்கம் ஒரு தடவை வெள்ளையாகி மறுபடி வந்தபோது, மேலே மாலைபோட்ட வெள்ளிங்கிரி இருந்தான், அடியில் பதிப்பு ஒன்று என்று ஒரு வரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் யாரும் உள்ளே போகவில்லை. பேசிவைத்துக்கொள்ளாமலேயே, சங்கு ஊதின பிறகும், நாங்கள் எல்லோரும் கேட்டைச் சுற்றி ஏதோ வேலையிருப்பதுபோல நின்றோம். பஸ் வந்தது. முன்படியில் முல்லைச்சரத்தோடு சின்னத் தமயந்தி இறங்கினாள். பேபியக்கா வாயைத் திறந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்படியில் வெள்ளிங்கிரி இறங்கினான், சட்டையின் மேல் பித்தானைப் போடாமல், ஏதோ பாட்டை முனகிக்கொண்டு, எங்கள் எல்லோரையும்விட இளையவனாக. கூட்டத்தில் யாரோ பழக்கத்தில் கைகாட்ட, அவன் மனைவி அதற்குள் ஸ்டோர்ஸ் பக்கம் நடந்துவிட்டாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். எதிரில், மாடிப்படிக்கு அடியில், கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு தமயந்தி நின்றிருந்தாள். அவளிடம் வந்தான்.

"ஏனுங்க்கா, நம்ம தமயந்தியப் பாத்தீங்களா? ஆபீஸ்ல டாக்குமென்ட் செக்‌ஷன். டிபன் அதுகிட்ட இருக்குதுங்க."

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அவளுக்கு அவனைவிட இப்போது ஒன்பது வயது அதிகம். அவள் அவன் முகத்தை, காதோரத்தில் ஷேவிங்கில் விட்டுப்போன ரோமத்தை, கழுத்தில் அவிழ்ந்திருந்த பித்தானை, நிதானமாகப் பார்த்தாள்.

"பாத்தனுங்க" என்றாள். "ஸ்டோர்ஸ் பக்கம் போகுது. உங்களத்தான் தேடுது."

"அப்படிங்களா? காலங்காத்தாலயே என்ன தேடல்?"

"நாலு மணிக்கு பெர்மிஷன் போடோணும்னு சொல்லுச்சு. மறந்துராதீங்க."

"அடடே, ஆமாங்க!" அவன் நெற்றியில் தட்டிக்கொண்டான். "நல்லவேளை சொன்னீங்க. இல்லாட்டி இன்னைக்கு எனக்கு மண்டகப்படிதான்."

ஸ்டோர்ஸை நோக்கி ஓடினான். சற்று நேரத்தில் அங்கிருந்து சின்னத் தமயந்தியின் குரல் கேட்டது, கண்டபடி திட்டிக்கொண்டு, எங்கே போய்த் தொலைந்தீர்கள், கூப்பிட்டால் காது கேட்காதா என்று. ஸ்டோர்ஸ்காரர் வெளியே வந்து, சுவரில் சாய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் அவர்கள் கேன்டீனில் நடு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாதம் ஆறவில்லை. பேபியக்கா கேட்காமலேயே அப்பளம் கொண்டுபோய் வைத்து, "உங்க வீட்டுக்காரரு வந்துட்டாருங்களா அம்மிணி?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார். தமயந்தி கேன்டீனுக்கு வரவில்லை.

நாலு மணிக்குச் சற்று முன்னால் தேவசகாயம் மாடிக்குப் போனார். "அந்த ரெண்டு பேர மட்டும் உட்டு வெச்சா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?"

"உட்டா நாளைக்கும் வருவாங்க. தெனமும் அந்த ரிசல்ட் வாங்கப் போவாங்க." தமயந்தி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தாள். "போதுங்கண்ணா."

திரையில் விக்கி கேட்டது: பழைய பதிப்புகள் நிரந்தரமாக நீக்கப்படும், மீட்க முடியாது, தொடரலாமா? தமயந்தி தொடரச் சொன்னாள். முடிய நேரமாகும் என்று அது சொல்லி, தன்பாட்டில் வேலையைத் தொடங்கியது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, தன் பெயருக்கும் ஒரு பெர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு, படியிறங்கினாள்.

நாலு மணி பஸ் நிறைந்திருந்தது; எங்களில் பலரும் அன்று பெர்மிஷன் போட்டிருந்தோம். வெள்ளிங்கிரியும் சின்னத் தமயந்தியும் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள், டிபன் கேரியர் அவன் மடியில் இருந்தது. தமயந்தி அவர்களுக்கு நேர் பின்சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். எங்களில் சிலர் அவளைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். அவர்கள் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்குகிறார்களா என்று அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. இறங்கப்போனால் எழுந்து கையைப் பிடித்து, வேண்டாம், அங்கே போகாதீர்கள், வேறு எங்காவது போங்கள், பூங்காவுக்குப் போங்கள், மருதமலைக்குப் போங்கள் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

"ஆம்பளப் புள்ளையா இருந்தா எங்கப்பா பேருதான்" என்று முன்சீட்டில் அவன் சொல்வது கேட்டது.

"மொதல்ல ரிசல்ட் வரட்டும், அப்பறம் பேரு வெக்கலாம்" என்று அவள் சிரித்தாள்.

பஸ் மில் ரோட்டில் திரும்பியது. ஜன்னல் வழியாக வெயில் தமயந்தியின் மடியில் விழுந்தது. ஒரு வருஷமாகக் காலையில் பஸ் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்தவள், முன்சீட்டில் அந்த இரண்டு குரலும் மாறி மாறி, அரையும் குறையுமாக, சண்டைபோல் பேச்சும் பேச்சுபோல் சண்டையுமாகப் போய்க்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டே, கம்பியில் தலையைச் சாய்த்தாள்.

யாரோ தோளைத் தொட்டார்கள். பஸ் நின்றிருந்தது, எஞ்சின் அணைந்திருந்தது. டிரைவர் சீட்டுகளுக்கு நடுவில் நின்றிருந்தார்.

"ஏனுங்கம்மா, நீங்க எறங்கற எடம் எப்பவோ போயிருச்சுங்களே. அசந்து தூங்கறீங்களேன்னு எழுப்பாம உட்டுட்டேன்."

அவள் முன்சீட்டைப் பார்த்தாள். சீட்டு முழுக்க வெயில் இருந்தது.

"இங்க உக்காந்திருந்த ரெண்டு பேரு எங்க எறங்குனாங்க?"

"யாருங்க? வண்டி நெறைய ஆளு. நான் ரோட்டப் பாக்கறதா, எறங்கறவங்களப் பாக்கறதா?"

"ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நின்னீங்களா?"

டிரைவர் யோசித்தார். "இன்னைக்கு அங்க யாரும் மணியடிக்கலீங்க" என்றார். பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவர்போலத் தலையைச் சொறிந்தார். "அடிச்ச மாதிரி ஞாபகம் இல்லீங்க."

தமயந்தி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கம்பியில் சாய்ந்திருந்த கன்னத்தில் கோடு விழுந்திருந்தது. கடைசி ஸ்டாப்பில் ஒரு பஞ்சர் கடையும் ஒரு பழ வண்டியும் தவிர ஒன்றும் இல்லை. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸுக்காக நின்றாள்.